வெடிக்குப் பயப்படாத பிள்ளை

கல்லூரியில் குழந்தை வளர்ச்சி படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, அப்பா கடையிலிருந்து வந்த கையைக்கூடக் கழுவாமல் சிரித்தார். "புள்ளை வளக்குறதுக்கு டிகிரியா? உங்க ஆத்தா எந்தக் காலேஜுல படிச்சு உன்னைய வளத்தா?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "படிக்காம வளத்ததாலதான் இப்பிடி வாயாடியா வந்து நிக்கிறா. போகட்டும், விடுங்க" என்றார். நான் பி.காம். படித்து, விருதுநகர் பஜாரில் எங்கள் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எனக்கோ மூட்டையைப் பிரித்தாலே அடுக்கடுக்காகத் தும்மல் வரும். அந்தத் தும்மலுக்குப் பயந்துதான் வேறு படிப்பு தேடினேன். பிள்ளைகள் மேல் சின்ன வயதிலிருந்தே கொள்ளைப் பிரியம் என்றெல்லாம் சொன்னால் அது புளுகு.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அதைப் படிச்சா என்ன வேலை தாயி கிடைக்கும், ஆயா வேலையா?" என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா ஒருவர் கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஆமா சித்தப்பா, மொதல்ல உங்க பேரனைத்தான் திருத்தணும்னு இருக்கேன்" என்றேன். அந்தப் பேரன் அப்போது சாம்பார் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். அம்மா இலைக்கு அடியில் என் தொடையில் கிள்ளினார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. எத்தனையாவது மாதத்தில் தலை நிற்கும், எப்போது குப்புற விழும், எப்போது விரலால் ஒன்றைக் காட்டி இன்னொருவரைப் பார்க்கச் சொல்லும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. பஸ்ஸில் யார் மடியிலாவது பிள்ளையைப் பார்த்தால், "ஒன்பது மாசமா?" என்று கேட்பேன். சரியாக இருந்தால் அன்று முழுக்க எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி சந்தோஷம். இரண்டு வருடத்தில் என்னைவிட மேதாவி விருதுநகர் மாவட்டத்தில் கிடையாது என்ற நினைப்பு வந்துவிட்டது.

மூன்றாம் வருடத்தில் ஆளுக்கு ஒரு குழந்தையை மூன்று மாதம் கூடவே இருந்து கவனித்து, ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். எனக்கு ஆனைக்குட்டத்தில் ஒரு பால்வாடி வாய்த்தது. வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துப் போவேன். ஊரில் பாதிப் பெண்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்து அள்ளிக்கொண்டு போய்விடும். சாயங்காலம்தான் திரும்பக் கொண்டுவந்து விடும்.

நான் தேர்ந்தெடுத்த குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. பெண் பிள்ளை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. அப்பா சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அப்பா காலையில் வந்து பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் போய்த் தூங்குவார். அந்தப் பிள்ளைக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. மொதலாளியம்மா.

காரணம் இதுதான். மூன்று மணி வாக்கில், கண்மாய்க்கு அந்தப் பக்கம் உள்ள கம்பெனியில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். பால்வாடியில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். முதல் வெடிக்கே மற்ற ஒன்பது பிள்ளைகளும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து அழும். இவள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். "சரக்கு நல்லா வெடிச்சா மொதலாளிக்குத்தான் நிம்மதியா தூக்கம் வரும். ஏலே, அளுகாதீகலே, மொதலாளியம்மா தூங்குறாக" என்பார் ஆயா. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவளுடைய அம்மாவை நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். நான் டீச்சர் இல்லை, படிக்கிற பிள்ளைதான் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை, கேட்க நன்றாக இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், வெடிமருந்து ஒட்டிய கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எம்புள்ள வெடிக்கு எம்புட்டும் பயப்பட மாட்டா டீச்சர். போன தீவாளிக்கு மடியில வச்சுக்கிட்டு சரவெடி போட்டாக, கண்ணைக்கூட சிமிட்டலையே. எழுதிக்கோங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் எழுதிக்கொண்டேன்.

பட்டியலில் ஒரு கேள்வி இருந்தது: பின்னாலிருந்து வரும் ஒலிக்குக் குழந்தை திரும்புகிறதா? எங்கள் வீட்டுத் துவரம்பருப்பை ஒரு தகர டப்பாவில் போட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து குலுக்கினேன். திரும்பவில்லை. இன்னும் வேகமாகக் குலுக்கினேன். அவள் பாட்டுக்கு ஒரு மூடியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கத்தான் செய்தேன், கோணலாக. வெடிச் சத்தத்துக்கே அசையாதவள், ஒரு பருப்பு டப்பாவுக்கா அசைவாள்? நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்: இந்தக் குழந்தை தன் சுற்றுப்புறத்தின் ஓசைகளுக்குப் பழகிவிட்டது, ஆகவே சிறு ஒலிகளைப் பொருட்படுத்துவதில்லை.

பேச்சு இன்னும் வரவில்லையே என்று கேட்டதற்கு, "அவுக அப்பா வீட்டுல எல்லாருமே லேட்டுதான் டீச்சர்" என்றார் அக்கா. அதையும் எழுதினேன். எங்கள் மேடம் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் 'அருமையான கவனிப்பு' என்று எழுதி, வகுப்பில் வாசித்தும் காட்டினார். மேடத்துக்கும் சொந்த ஊர் சிவகாசிதான். வகுப்பில் எல்லாருமே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். வெடிக்கு அசையாத குழந்தை என்றதும் எல்லாருக்கும் அவரவர் வீட்டு வீரக்கதை ஒன்று ஞாபகம் வந்ததே தவிர, ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியூர்க்காரி ஒருத்தி அங்கே இருந்திருந்தால், 'அதெப்படி?' என்று அன்றே கேட்டிருப்பாள்.

கடைசி நாள் அக்கா எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து கொடுத்தார். "எப்பிடி டீச்சர் இருக்கா எம்புள்ள?" என்று கேட்டார். "எல்லாம் வயசுக்குத் தக்கபடி நல்லா இருக்காக்கா. பேச்சுத்தான் பைய வரும், பயப்படாதீக" என்றேன். மூன்று மாதம் கவனித்த ஆள் சொல்கிற தோரணையோடு சொன்னேன்.

படிப்பு முடிந்தது. தோழிகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருத்தி மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ். ஒருத்தி அங்கன்வாடி மேற்பார்வையாளர் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தாள். இன்னொருத்தியைச் சிவகாசியில் குழந்தைகளுக்கான படப் புத்தகம் அச்சடிக்கிற கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் படம் என்று பார்த்துச் சொல்லும் வேலை. சென்னைக்குப் போனவள் பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளோடு விளையாடியே சம்பளம் வாங்குகிறாள். இதைச் சொன்னபோது அப்பா, "விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்று வாயைப் பிளந்தார். எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அதைத் தள்ளிப்போட, மதுரையில் ஒரு வருட டிப்ளமோ சேர்ந்தேன். காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லித்தரும் படிப்பு. இதற்கும் உயர்ந்த நோக்கம் ஒன்றும் கிடையாது.

அங்கே நாலாவது மாதம், ஒரு பையனைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார்கள். நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். பரிசோதனை செய்கிறவர் பையனின் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "பெரிய சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப்போடுமா?" அந்த அம்மா, "இல்லைங்க, ரொம்பத் தைரியசாலி, பயமே கிடையாது" என்றார். எனக்கு மொதலாளியம்மா ஞாபகம் வந்தாள்.

அதே ஊரில் பிறந்து, அதே வெடியைத் தினமும் கேட்டு வளர்ந்த ஒன்பது பிள்ளைகளும்தானே அலறினார்கள்? பழகிவிட்டது என்றால் அந்த ஒன்பதுக்கும்தானே பழகியிருக்க வேண்டும்? என் நோட்டிலேயே, முந்தின பக்கத்திலேயே, அந்த ஒன்பது பேர் அழுததையும் நான்தான் எழுதியிருந்தேன். அட மூதேவி, மூன்று வருடம் என்னத்தைப் படித்துக் கிழித்தாய் என்று கழிப்பறைக்குள் போய் நின்று என்னையே வைதேன். அழுகையும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆனைக்குட்டத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான்: இந்த எட்டு மாதத்தில் அவள் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். வாசலில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். வாயிலிருந்து வந்தது ஒரு 'ஆ', அவ்வளவுதான்.

"வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்று அக்கா பாயை விரித்தார். நான் உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னேன். பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, நான் அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், உடனே பரிசோதனை பண்ண வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் விரித்த பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தார். பிறகு, "மூணு மாசத்துக்கு முந்தி ஊசி போட வந்த நர்ஸம்மா இதைத்தான் சொன்னாக" என்றார். "பேச்சு வரலையே, பெரியாஸ்பத்திரியில காதைக் காட்டுன்னாக. நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலேஜு டீச்சர் மூணு மாசம் இங்கனயே உக்காந்து பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாக, நீங்க ஒரு நிமிசம் பாத்துட்டு இப்பிடிச் சொல்றீகளேன்னு சண்டை போட்டு அனுப்புனேன்."

நான் வாசலில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்ல டீச்சர்" என்று அவரே திரும்பவும் ஆரம்பித்தார். குரலில் கோபம் ஏறியிருந்தது. "கேக்காமலா வேன் ஹாரன் அடிச்சதும் வாசலுக்கு ஓடிவந்து எனக்கு டாட்டா காட்டுறா? தெனமும் காட்டுறா. வேணும்னா காலையில வந்து பாருங்க."

"ஹாரன் அடிக்கிறதுக்கு முந்தி நீங்க என்னக்கா பண்ணுவீக?"

"என்ன பண்ணுவேன், தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு நடையில வந்து நிப்பேன்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் மெதுவாக, "நாளைக்கு நான் எந்திரிக்காம உக்காந்திருக்கேன். நீங்க வாங்க" என்றார்.

அன்று சிவகாசியில் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டேன். அக்கா தூக்குச்சட்டியைக் கண்ணில் படாமல் உள்ளே வைத்துவிட்டு, நடையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடித்து வந்த கண்ணோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

வேன் வந்தது. ஹாரன் அடித்தது. பிள்ளை சிரட்டையைக் கவிழ்த்தாள். மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை நீளமாக. பிள்ளை மண்ணைத் தட்டிச் சரிசெய்தாள். "ஏ, என்னடி உக்காந்துட்ட, ஒடம்புக்கு முடியலையா?" என்று வேனுக்குள்ளிருந்து பெண்கள் கத்தினார்கள். "யக்கா, வாரீகளா இல்லையா? சீசன் நேரம், லேட்டானா என்னையத்தான் வைவாக" என்று டிரைவர் சத்தம் போட்டுக்கொண்டே மூன்றாவது தடவையும் அடித்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள், திரும்பிவிடு தாயி, நான் சொன்னது தப்பாகப் போகட்டும், திரும்பிவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நீ போப்பா" என்றார் அக்கா. வேன் போய்விட்டது.

அவர் எழுந்து உள்ளே போய்த் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையின் முன்னால் வந்து நின்றார். அதைப் பார்த்ததும் அவள் சிரட்டையைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினாள். ஆளில்லாத ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி டாட்டா காட்டினாள்.

அன்றைக்கே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே பார்த்ததில், இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்து, காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டினால் கேட்கும் என்றார் டாக்டர். அரசாங்கக் காப்பீட்டில் செய்துவிடலாம். ஆனால் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்துதான் அவளுக்குப் பேச்சுக்கணக்குத் தொடங்கும், அதற்கு முந்தின நாளெல்லாம் போனது போனதுதான் என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தீகன்னா?"

அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவருக்காக இல்லை, எனக்காக.

"இந்நேரம் கேக்க ஆரம்பிச்சிருப்பாக்கா. ஒண்ணு ரெண்டு வார்த்தைகூடப் பேசியிருப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதன் பிறகு மதுரையிலிருந்து வீடு வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் நானும் டிப்ளமோ முடித்து, விருதுநகரில் காது கேளாத பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே எனக்கு முன்பிருந்தே அனுபவமுள்ள இரண்டு டீச்சர்கள் உண்டு. மெஷின் மாட்டியபின் பிள்ளையைப் பழக்குவதற்கு அக்கா அங்கேதான் கூட்டிவந்தார். பொறுப்பாளரம்மா மூத்த டீச்சரிடம் பிள்ளையை விடச் சொன்னார். அக்கா என்னைக் கைகாட்டி, "இவுககிட்டதான் விடுவேன்" என்றார். "ஏம்மா, அவங்க புதுசாச்சே?" என்றதற்கு, "கெடுத்தவுகளே சரி பண்ணட்டும்" என்றார். அந்த அறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு ரோஷம் வரவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் வருவார்கள். சீசன் நேரத்தில்கூட அக்கா அந்த இரண்டு நாளும் கம்பெனிக்குப் போவதில்லை. மெஷின் மாட்டிவிட்டால் உடனே எல்லாம் புரிந்துவிடாது. காதில் விழுவது இன்னதென்றே அவளுக்குத் தெரியாது. மேளத்தைத் தட்டினால் ஒரு மணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும் என்று பழக்கவே மூன்று வாரம் ஆனது. அப்புறம் பெயர். நான் அவள் எதிரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுவேன். அக்கா அவள் முதுகுக்குப் பின்னால், நிழல்கூட விழாத இடத்தில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. பிள்ளை என் கையிலிருக்கும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நான்தான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மையத்துக்குக் கீழே இருக்கும் பருப்புக் கடையில் லாரி நின்று லோடு இறக்குகிற சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். என் கையில் இருந்த பொம்மையிலிருந்து பிள்ளையின் கண் விலகியது. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பை வளைத்து, முழுசாகத் திரும்பி, அம்மாவைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள், என்ன என்று கேட்கிற மாதிரி. கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளைக்கு அடுத்து ஏதாவது சொல்ல வேண்டுமே. அக்கா என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் தயாராக இல்லை.

"ஒண்ணுமில்ல தாயி" என்றார் கடைசியில். "சும்மாதான் கூப்புட்டேன்."